சாறும் நோன்பும்

நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் பழச்சாறு என்பது நோன்பை முடித்து வைக்கும் பானம். 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தியடிகள் தம் உண்ணாநோன்பை முடித்தபோது, கஸ்தூரிபா அம்மையார் நீட்டிய ஆரஞ்சுச் சாற்றைப் பருகினார். 1947 செப்டம்பரில் கல்கத்தாவின் கலவரம் அடங்கியபோது அவருக்குச் சாறு கொடுத்தவர் சுஹ்ரவர்தி. 1948 சனவரி 18 அன்று தில்லியில் கொடுத்தவர் மௌலானா ஆசாத். அதன் பின் எத்தனையோ உண்ணாவிரதப் பந்தல்களில் எத்தனையோ தலைவர்கள் ஒரு குவளைச் சாற்றை வாங்கிப் பருகி எழுந்ததை நாம் செய்தித்தாள்களில் பார்த்திருக்கிறோம். சாறு கிடைக்காமலே போனவர்களும் உண்டு. தமிழ்நாடு என்னும் பெயர் வேண்டும் என்று 1956-இல் விருதுநகரில் உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார், 76 நாள்களுக்குப் பின் உயிர் துறந்தார். அவரது நோன்பு ஒரு குவளைச் சாற்றோடு முடியவில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. நோன்பின் முடிவில் வந்த சாறு நோன்பின் நடுவிடத்தில் வந்து அமர்ந்துவிட்டது. மூன்று நாள், ஏழு நாள், இருபத்தொரு நாள் என்று சாறு மட்டுமே அருந்தி, உடலின் 'கழிவுகளை' வெளியேற்றி நலம் பெறலாம் என்ற அழைப்பு ஊர்தோறும் கேட்கிறது. நம் இறைமக்களும் தவக்காலம் வந்தால், "சாமி, இந்த ஆண்டு சாறு நோன்பு இருக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கேள்வி எளியது, விடை அத்துணை எளியதன்று. அதனால்தான் இக்கட்டுரை.

சாரலும் சந்தையும்

நாம் பணியாற்றும் பகுதி தென்காசியைச் சுற்றியது. பொதிகையைத் தொட்டு வரும் காற்றும், ஆனி ஆடியில் வெயிலோடு வெயிலாகப் பெய்யும் சாரலும் இவ்வூர்க்காரர்களின் பெருமை. சீசன் களைகட்டிவிட்டால் குற்றாலத்தில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் கூட்டம் நெரியும். சாலையோரத்தில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் துரியனும் முட்டைப்பழமும் குவிந்து கிடக்கும். சற்று வடக்கே புளியங்குடியின் எலுமிச்சைச் சந்தை தமிழகம் அறிந்தது. பனங்காட்டில் பதநீர், தோப்பில் இளநீர். சாறு அருந்தி நோன்பிருக்க வேண்டுமென்று ஒருவர் விரும்பினால், அதற்கென்றே படைக்கப்பட்டது போன்ற நாடு இது.

ஆனால் இதே குற்றாலம் பசியைக் கிளப்புவதிலும் வல்லது. உடலெங்கும் எண்ணெய் தேய்த்து அருவியில் அரைமணி நேரம் நின்று வந்தவரைக் கேட்டுப் பாருங்கள். கரையேறியதும் அவர் தேடுவது இலையைத்தான். மாலை வந்தால் செங்கோட்டைச் சாலையில் பிரானூர்ப் பரோட்டாக் கடைகளின் முன் நிற்கும் வண்டிகளே இதற்குச் சாட்சி. குளிர்ந்த நீர் உடலின் சூட்டை வாங்கிக் கொள்கிறது. உடல் உணவைக் கேட்கிறது. நலம் தேடி வந்த மனிதர் ஒரே நாளில் அருவியையும் அளவற்ற உணவையும் அனுபவித்துத் திரும்புகிறார். மறுநாள் வயிறு கனக்கும்போது, 'சாறு நோன்பு' என்ற விளம்பரம் அவர் கண்ணில் இதமாகப் படுகிறது.

நோன்பு இம்மண்ணுக்குப் புதிதன்று. இலஞ்சிக் குமரனையும் பண்பொழித் திருமலை முருகனையும் எண்ணிச் சஷ்டிக்கு ஆறு நாள் பாலும் பழமுமாக இருப்போர் நம் அயலார். ரமலானில் விடியலுக்கு முன் உண்டு, பகல் முழுதும் ஒரு சொட்டு நீரும் பருகாமல், மாலையில் பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சியில் நோன்பு திறப்போர் தென்காசியிலும் கடையநல்லூரிலும் பல்லாயிரவர். கார்த்திகையில் மாலையணிந்து குற்றாலத்தில் நீராடி மலைக்குச் செல்லும் ஐயப்ப அடியார்களும் உணவில் கட்டுப்பாடு உடையவர்களே. நம் பாட்டிமார்களோ 'ஒருசந்தி' என்றும் 'சுத்தபோசனம்' என்றும் அழகிய சொற்களால் தம் நோன்பைக் குறித்தார்கள். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு வேளை முழு உணவு. சுத்தபோசனம் என்றால் இறைச்சி விலக்கிய உணவு. இவர்களில் எவரும் எடை குறைய வேண்டுமென்று நோற்றவர்கள் அல்லர். உடல் இலேசானால் அது கூடுதலாகக் கிடைத்த கொடை, அவ்வளவே.

இயற்கையின் பாதை

உடல்நலத்துக்கென்றே நோற்கும் வழக்கத்துக்கும் மதிக்கத்தக்க ஒரு மரபு உண்டு. அதை எள்ளி நகையாடுவது நமக்கு உடன்பாடன்று. 'லங்கணம் பரம ஔஷதம்' என்று நாட்டு வைத்தியர்கள் சொல்லி வந்தார்கள். காய்ச்சல் கண்டவனைக் கட்டாயப்படுத்தி உண்ண வைக்காதே என்பது அதன் பொருள். முன் உண்டது செரித்ததை அறிந்து அதன் பின் உண்பவனுக்கு மருந்தே தேவைப்படாது என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் கூறுகிறார். நோய்க்கு முதல் மருத்துவன் உண்பவனின் சொந்த அளவறிவே என்பது தமிழர் கண்ட உண்மை.

சென்ற நூற்றாண்டில் இந்த அறிவு ஐரோப்பியக் காற்றோடும் கலந்தது. செருமனியின் லூயி கூனே நீர்ச் சிகிச்சையையும், அடால்ப் யூஸ்ட் இயற்கைக்குத் திரும்பும் வாழ்வையும் போதித்தார்கள். அந்நூல்களைத் தென்னாப்பிரிக்காவில் படித்த காந்தியடிகள் மண்கட்டும் இடுப்புக் குளியலும் பழ உணவும் தம் மீதே சோதித்தார். 1946-இல் புனேவுக்கு அருகே உருளிகாஞ்சனில் ஏழைக் கிராமத்தாருக்கென இயற்கை மருத்துவ ஆசிரமத்தைத் தொடங்கினார். செருமனியிலேயே ஓட்டோ புக்கிங்கர் என்னும் மருத்துவர், மூட்டு நோயால் வருந்திய தாம் 1919-இல் நீண்ட நோன்பிருந்து தேறியதாகக் கூறி, காய்கறி வடிநீரும் பழச்சாறும் சிறிதளவு கொடுத்து மருத்துவக் கண்காணிப்போடு நோற்பிக்கும் முறையை வகுத்தார். இன்று உலகெங்கும் பேசப்படும் சாறு நோன்பின் மூதாதையருள் அவர் ஒருவர்.

நம் பகுதியும் இம்மரபில் இடம் பெற்றது. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் வழியில் கடையம் தாண்டி ஆழ்வார்குறிச்சியை அடைந்து, மேற்கே மலையடிவாரத்தை நோக்கித் திரும்பினால் சிவசைலம். அங்கே இயற்கை உணவாளர் மூ. இராமகிருஷ்ணன் நிறுவிய நல்வாழ்வு ஆசிரமம், தமிழகத்தில் இயற்கை வாழ்வு பற்றிப் பேசுவோர் அனைவரும் அறிந்த பெயர். அடுப்பில் ஏற்றாத உணவு, குறிப்பாகத் தேங்காயும் பழமும், அவர் பரப்பிய நெறி. பின்னர் அரசும் இத்துறையை ஏற்றுக் கொண்டது. புனேயில் தேசிய இயற்கை மருத்துவ நிறுவனமும், சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியும் உள்ளன. ஆண்டுதோறும் நவம்பர் 18 இயற்கை மருத்துவ நாளாக 2018 முதல் நினைவுகூரப்படுகிறது.

இம்மரபின் நல்லதை நன்றியோடு ஏற்போம். அளவோடு உண், இயற்கையை ஒட்டி உண், உன் உடலைக் கவனி என்று அது நமக்குக் கற்பித்தது. ஆயினும் ஒரு மரபு விளம்பரப் பலகையில் ஏறும்போது அதன் அடக்கம் கீழே விழுந்துவிடுகிறது. 'உதவலாம்' என்பது 'குணமாக்கும்' என்றாகிறது. 'மருத்துவர் பார்வையில்' என்பது காணாமற் போகிறது.

நீர்மம் நோன்பை முறிக்காது

சாறு அருந்திவிட்டு நோன்பென்று சொல்லலாமா என்று சிலர் கேட்பர். இக்கேள்வி திருச்சபைக்குப் பழையது. குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, 'நீர்மம் நோன்பை முறிப்பதில்லை' என்ற கோட்பாட்டை நாமும் கற்றோம். புனித தாமஸ் அக்குவினாஸ் இதை ஆராய்ந்திருக்கிறார். பருகுவது தாகம் தீர்க்கவும் உண்டதைச் செரிக்கச் செய்யவுமே. ஊட்டுவது அதன் முதல் நோக்கமன்று. ஆகவே பருகுவதால் திருச்சபையின் நோன்பு முறியாது என்பது அவர் முடிவு. ஆனால் அளவுமீறிப் பருகுகிறவன் நோன்பின் பலனை இழக்கக் கூடும் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். அந்தப் பின்பகுதியைப் பலர் மறந்தார்கள்.

மறந்ததன் விளைவு சுவையானது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து சாக்லேட் பானம் ஐரோப்பாவுக்கு வந்தபோது, அந்தக் கொழுமையான பானத்தைத் தவக்காலத்தில் அருந்தலாமா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. 1664-இல் கர்தினால் பிரங்காச்சியோ அது நீர்மமே, நோன்பை முறிக்காது என்று நூலெழுதித் தீர்ப்புரைத்தார். சட்டத்தின் எழுத்து காப்பாற்றப்பட்டது. வயிறும் நிறைந்தது. நோன்பு எங்கே போயிற்று என்பதை மட்டும் எவரும் கேட்கவில்லை.

காந்தியடிகளின் 1943-ஆம் ஆண்டு நோன்பை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். ஆகாகான் மாளிகைச் சிறையில் பிப்ரவரி 10 முதல் மார்ச் 3 வரை 21 நாள் அவர் நோற்றார். அப்போது அவருக்கு வயது 73. அது சாகும்வரை நோன்பன்று, தம் ஆற்றலுக்கு உட்பட்ட நோன்பு என்று முன்னரே அறிவித்திருந்தார். உடல்நிலை மோசமடைந்து நீரும் உள்ளே செல்லாத நிலை வந்தபோது, தண்ணீரோடு சிறிது சாத்துக்குடிச் சாறு சேர்க்கப்பட்டது. சாறு அங்கே உயிரைப் பிடித்து நிறுத்துவதற்காக வந்தது. உடலைத் தூய்மைப்படுத்துவதாக அதற்குப் பெயரிட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

உடலின் கணக்கு

இனி உடலையே கேட்போம். நாம் உண்பதை நிறுத்தினால், கல்லீரல் தன்னிடம் சேமித்து வைத்துள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்தைக் கரைத்துச் சர்க்கரையாக்கி இரத்தத்துக்குத் தருகிறது. அச்சேமிப்பு ஏறத்தாழ 100 கிராம்; ஒரு நாளுக்குள் தீர்ந்து போகும். அதன் பின் கொழுப்பு கரைந்து கீட்டோன் என்னும் பொருளாகி மூளைக்கும் எரிபொருளாகிறது. தசையின் புரதமும் ஓரளவு கரைகிறது. கிளைக்கோஜன் ஒரு கிராம் கரைந்தால், அதனோடு பிணைந்திருந்த மூன்று கிராம் நீரும் வெளியேறும். முதல் இரண்டு நாளில் எடை மளமளவென்று குறைவதன் இரகசியம் இதுவே. குறைந்தது பெரும்பாலும் நீர். உண்ணத் தொடங்கியதும் திரும்பி வந்துவிடும்.

சாறு நோன்பில் இந்தக் கணக்கும் குழம்புகிறது. 200 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை உண்டு. நாளுக்கு ஆறு குவளை என்றால் 120 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பழச்சாற்றின் சர்க்கரையையும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையாகவே எண்ணுகிறது. நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு 50 கிராமுக்குள், இயன்றால் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. பழத்தைக் கடித்து உண்டால் நார்ச்சத்து சர்க்கரையை மெல்ல மெல்ல இறக்கும். பிழிந்தால் நார் சக்கையோடு குப்பைக்குப் போகிறது. சர்க்கரை ஓடி வந்து இரத்தத்தில் ஏறுகிறது. ஒரு பழத்தோடு நிறைவடைந்திருக்க வேண்டியவர் மூன்று பழங்களை ஒரே மூச்சில் குடித்துவிடுகிறார். புரதமோ நாளுக்குப் பத்து கிராமும் தேறாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு வேண்டியது 50 கிராம்.

'கழிவு நீக்கம்' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். உடலில் சேரும் கழிவை அகற்றக் கல்லீரலும் சிறுநீரகங்களும் இரவு பகலாக உழைக்கின்றன. எந்தச் சாறும் அவற்றின் வேலையை ஏற்றுக் கொள்வதில்லை. அவை பழுதடைந்தால் சாறு அவற்றைச் சீராக்குவதுமில்லை. செல்கள் தம் பழுதடைந்த பகுதிகளைத் தாமே உண்டு புதுப்பிக்கும் வினையை ஆராய்ந்த சப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதை இன்று எல்லா நோன்பு விளம்பரங்களும் சான்றாகக் காட்டுகின்றன. அவர் ஆராய்ந்தது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரை. ஏழு நாள் பீட்ரூட் சாறு குடித்த மனிதரை அன்று.

நல்ல சான்று எதுவுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1991-இல் நார்வேயில் முடக்குவாத நோயாளர் 53 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் 27 பேர் ஏழு முதல் பத்து நாள் காய்கறி வடிநீரும் காரட், பீட்ரூட் சாறும் அருந்தி நோற்று, பின்னர் ஓராண்டு மரக்கறி உணவில் நிலைத்தார்கள். ஏனையோரைவிட அவர்களின் வலியும் மூட்டு வீக்கமும் குறைந்தன. இதில் இரண்டு செய்திகள் உண்டு. அந்த நோன்பு நலவாழ்வு இல்லத்தில், கண்காணிப்போடு நடந்தது. பத்து நாள் நோன்புக்குப் பின் வந்த ஓராண்டு உணவு மாற்றமே பலனை நிலைக்கச் செய்தது. நோன்பு ஒரு வாயில். வாயிலிலேயே நின்றுவிடுகிறவன் வீட்டுக்குள் போகமாட்டான்.

மாத்திரைக்கு நோன்பு தெரியாது

நம் பங்கில் ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். நெடுங்காலம் பேருந்து நடத்துநராய்ப் பணியாற்றியவர். சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை உண்பவர். ஓர் ஆண்டு, 'ஏழே நாளில் சர்க்கரைக்கு விடை' என்ற துண்டறிக்கையைப் பார்த்துவிட்டு, எலுமிச்சை நீரும் வெள்ளரிச் சாறும் மட்டும் அருந்தி நோற்கத் தொடங்கினார். மாத்திரையை வழக்கம்போல் விழுங்கினார். மூன்றாம் நாள் இரவு வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, மனைவியையே அடையாளம் காணாமல் தடுமாறினார். அவ்வம்மையார் பங்கு இல்லத்துக்கு ஓடிவந்து, "சாமி, அவருக்கு என்னமோ ஆயிட்டு, வாங்க" என்று கதறியது இன்றும் நம் செவியில் இருக்கிறது. மருத்துவமனையில் சர்க்கரை நீரை நரம்பில் ஏற்றிய பின்னரே அவர் கண் விழித்தார். அன்றிரவு பணியில் இருந்த இளம் மருத்துவர் நம்மிடம் அமைதியாகச் சொன்னார்: "ஃபாதர், மாத்திரைக்கு நோன்பு தெரியாது. அவர் சாப்பிட்டாரா இல்லையான்னு அது கேட்காது. தன் வேலையை அது செஞ்சுட்டே இருக்கும்."

எத்துணை உண்மையான சொல்! 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு, இந்நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாகத் தெரிவித்தது. நம் ஞாயிறு திருப்பலியில் அமர்ந்திருக்கும் பெரியவர்களில் எத்தனை பேர் பையில் மாத்திரையோடு வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவை நிறுத்துவதும், அதைவிடக் கொடிதாக மாத்திரையை நிறுத்துவதும் உயிரோடு விளையாடுவதாகும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இளநீரும் பழச்சாறும் தரும் பொட்டாசியமே நஞ்சாகலாம். இதயத்தின் துடிப்பை அது தடுமாறச் செய்யும்.

'இயற்கையானது தீங்கு செய்யாது' என்று நம்புவோருக்கு இன்னொரு செய்தி. 2010-இல் தில்லியில் சுரைக்காய்ச் சாற்றைப் பாகற்காய்ச் சாற்றோடு கலந்து நலம் கருதிப் பருகிய அறிவுத்துறை அலுவலர் ஒருவர் இறந்துபோனார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வல்லுநர் குழு அமைத்து ஆராய்ந்தது. சுரைக்காய் சில வேளை கசக்கும். அக்கசப்பைத் தரும் பொருள் குடலைப் புண்ணாக்கி இரத்தம் கக்கவைக்கும். கசந்தால் உடனே துப்பிவிடுங்கள், வேறு சாறோடு கலந்து கசப்பை மறைக்காதீர்கள் என்பது அக்குழுவின் அறிவுரை. நம் சமையற்கட்டுப் பெண்கள் காயை நறுக்கியதும் நுனி நாக்கில் வைத்துப் பார்ப்பார்களே, அந்தப் பழைய வழக்கத்தில் எவ்வளவு அறிவு இருக்கிறது!

நெடுநோன்பை முடிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். பல நாள் பட்டினிக்குப் பின் வயிறு முட்ட உண்டால் இரத்தத்தின் பாஸ்பேட் திடீரெனக் குறைந்து இதயம் தளரும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் முகாம்களிலிருந்து மீண்ட பட்டினியாளர் சிலர், பசித்த காலத்தில் தப்பி, உணவு கிடைத்தபின் மடிந்தனர்.

யாருக்கு நோன்பு?

ஒரு தவக்காலத்தில், தென்காசியை அடுத்த சிற்றூர் ஒன்றில், அன்பியக் கூட்டத்தில் நோன்பைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தோம். சுவரோரமாய் அமர்ந்து, மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே கேட்டுக் கொண்டிருந்த ஒரு பெண்மணி, கையை நிறுத்தாமல் சொன்னார்: "நாங்க என்னைக்குச் சாமி மூணு நேரமும் ஒழுங்காச் சாப்பிட்டிருக்கோம்? காலையில ஒரு கடுங்காப்பி, பொழுது சாய ஒரு சோறு. எங்களுக்குத் தனியா ஒரு ஒருசந்தி எதுக்கு?" கூட்டம் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை.

அப்பெண்மணி சொன்னது இறையியல். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். அத்தகைய உடலிடம் போய், 'ஏழு நாள் உணவை விடு, தூய்மையாவாய்' என்று சொல்வது அறமாகுமா? அவர்களுக்குத் தேவை கீரையும் பயறும் முட்டையும். மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையும். திருத்தந்தை ஆறாம் பவுல் 1966-இல் நோன்பு ஒழுங்குகளைத் திருத்தியபோது, வளம் மிகுந்த நாடுகளில் தன்னொறுத்தலும் பகிர்தலும் முன்னிற்க வேண்டும் என்றும், வறுமையில் வாடுவோர் ஏற்கெனவே சுமக்கும் துன்பமே இறைவனுக்கு ஏற்ற காணிக்கை என்றும் வேறுபடுத்திக் காட்டினார். திருச்சபைச் சட்டமும் பதினெட்டு வயது நிறையாதவரையும் அறுபதாம் வயதில் அடியெடுத்து வைத்தவரையும் நோன்புக் கடமையிலிருந்து விடுவிக்கிறது. நோயாளரையும் கருவுற்ற தாயையும் கடும் உழைப்பாளியையும் அது வருத்துவதில்லை. சட்டம் இவ்வளவு கனிவோடு இருக்க, விளம்பரம் எல்லாரையும் ஒரே தட்டில் நிறுத்துகிறது.

உணவு மிகுந்தவருக்கு நோன்பு நல்லதுதான். ஆனால் அவர் நோற்று மிச்சமானது எங்கே போகிறது? ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய லியோ தம் மறையுரைகளில் மீண்டும் மீண்டும் வற்புறுத்தியது இதுவே: ஒருவன் விட்ட உணவு இன்னொருவனுக்கு உணவாக வேண்டும். இறைவாக்கினர் எசாயாவின் ஐம்பத்தெட்டாம் அதிகாரமும், பசித்தவனோடு உணவைப் பகிராத நோன்பை இறைவன் நோன்பாகவே ஏற்பதில்லை என்கிறது. ரமலானில் நம் அயலார் ஏழைக்குரிய பங்கைக் கணக்கிட்டுக் கொடுப்பதைப் பார்க்கிறோம். சாறு நோன்பிலோ மிச்சமாவது எதுவுமில்லை. பல நேரங்களில் வழக்கமான உணவைவிடச் செலவு கூடுதல். ஒரு குவளைக்கு மூன்று பழம், சக்கை குப்பையில். உண்ணாமல் இருப்பதற்கும் பணம் வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், நோன்பு வசதி படைத்தோரின் இன்னொரு பொழுதுபோக்காகிவிடும்.

இதிலே மற்றொரு நுண்ணிய ஆபத்தும் உண்டு. உடலை அழுக்கேறிய பாத்திரமாகவும் நோன்பை அதைத் துலக்கும் புளியாகவும் காண்கிறது விளம்பரம். மனிதவுரு எடுத்த இறைவனை அறிக்கையிடும் நாம் உடலை அப்படிப் பார்க்க இயலாது. உடல் இறைவன் உறையும் கோவில் என்று திருத்தூதர் பவுல் கற்பித்தார். வாரமெல்லாம் அளவின்றி உண்டு, வார இறுதியில் சாறு குடித்துத் 'துலக்கும்' வழக்கம், ஆறு நாள் பாவம் செய்து ஏழாம் நாள் பரிகாரம் வாங்குவதற்கு ஒப்பாகும். உடல் கேட்பது அந்தப் பரிகாரத்தையன்று. ஏழு நாளும் அளவைத்தான்.

என்ன செய்யலாம்?

ஆகவே, "சாறு நோன்பு இருக்கலாமா?" என்று கேட்கும் அன்பர்களுக்கு நம் விடை இது. உடல் நலமாக உள்ளவர் ஒரு நாள் எளிய உணவோடு வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பதில் தவறில்லை. அன்று பழத்தைப் பிழியாமல் பழமாகவே உண்ணுங்கள். தாகத்துக்கு நீரோ மோரோ சர்க்கரையில்லாத எலுமிச்சை நீரோ போதும். மாலையில் கஞ்சியும் துவையலுமாக நோன்பை முடியுங்கள். ஒரு நாளுக்கு மேல் நீள வேண்டுமானால், பட்டம் பெற்ற மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் தொடங்காதீர்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றுக்கு மருந்து உண்பவர்கள் ஒரு வேளை உணவை விடுவதற்கும் முன்னால் தம் மருத்துவரைக் கேளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், தள்ளாத முதியோர், இரத்தசோகையுள்ளோர் உணவை விடவே வேண்டாம். அவர்கள் வேறு ஒன்றை விடட்டும்: கடுஞ்சொல்லையோ, அயலாரைப் பற்றிய புறணியையோ, நள்ளிரவுவரை திரையில் கண் பதித்திருப்பதையோ.

நோற்ற நாளில் மிச்சமான உணவின் விலையை ஓர் உறையில் போட்டு வையுங்கள். வார இறுதியில் அதை எண்ணிப் பார்த்து, உங்கள் தெருவில் பீடி சுற்றும் வீட்டுக்கு முட்டையாகவோ பயறாகவோ கொண்டு சேருங்கள். அங்கே ஒரு பெண் பிள்ளைகளுக்கு முதலில் போட்டுவிட்டு, தான் பிறகு உண்ணலாம் என்று காத்திருப்பாள். அவள் தட்டிலும் அன்று ஏதேனும் இருக்கட்டும்.